ஆசிரியர் பலர், மாணவன் ஒருவன்

ஒவ்வொரு பள்ளியிலும் மாணவர்கள் வாயிலோடு நின்றுவிடும் அறை ஒன்று உண்டு. அதுவே ஆசிரியர் அறை. வருகைப் பதிவேட்டை எடுத்துச் செல்லவும், சுண்ணக்கட்டி வாங்கவும் அதன் நிலைப்படிவரை நீங்கள் வந்திருப்பீர்கள். உள்ளே சில மேசைகள், திருத்தப்படாத விடைத்தாள் கட்டுகள், சுவரில் ஒரு கால அட்டவணை ஆகியவை கண்ணில் பட்டிருக்கும். உள்ளே இருப்பவர்கள் என்ன பேசிக்கொள்கிறார்கள் என்று அறியும் ஆவலும் உங்களுக்கு இருந்திருக்கும். முப்பது ஆண்டுகளுக்கு மேல் அந்த அறையில் அமர்ந்திருந்தவன் நான். இராமநாதபுரம் மாவட்டத்துக் கடலோர ஊர்களில் கணித ஆசிரியனாகப் பணி தொடங்கித் தலைமையாசிரியனாக ஓய்வு பெற்றேன். அந்த அறையில் இருப்போர் எத்தகையவர்கள், ஒவ்வொரு பாடமும் தன்னைக் கற்பிப்பவரை எப்படி வார்க்கிறது, அவர்கள் எல்லோரும் சேர்ந்து ஒரு மாணவனுக்கு என்ன செய்கிறார்கள் என்பவற்றை இன்று உங்களோடு பேச விரும்புகிறேன்.

ஆசிரியரின் இயல்பு பற்றி ஆராய்வது தமிழுக்குப் புதியதன்று. பதின்மூன்றாம் நூற்றாண்டில் நன்னூலை இயற்றிய பவணந்தி முனிவர், எழுத்தையும் சொல்லையும் பற்றிப் பேசுவதற்கு முன்பே ஆசிரியரைப் பற்றிப் பேசிவிடுகிறார். நல்லாசிரியரை நிலம், மலை, நிறைகோல், மலர் என்னும் நான்குக்கு அவர் ஒப்பிடுகிறார். நிலம் பொறுமைக்கு, மலை அசையா உறுதிக்கு, நிறைகோல், அதாவது தராசு, நடுநிலைக்கு, மலர் எவரும் விரும்பி நெருங்கும் இனிமைக்கு. அவர் அத்தோடு நிறுத்தவில்லை. ஆசிரியராகத் தகாதவருக்கும் நான்கு உவமைகள் சொன்னார். அவற்றுள் ஒன்று மடற்பனை. கருக்கு மட்டைகள் சூழ்ந்த பனை தன்னை யாரும் அணுக விடாது. பழத்தைத் தானாக உதிர்த்தால் உண்டு, இல்லையேல் இல்லை. பனங்காடு நிறைந்த நம் இராமநாதபுரத்துப் பிள்ளைகளுக்கு இந்த உவமைக்கு உரை வேண்டியதில்லை.

இந்த நான்கு நற்குணங்களும் ஒருவரிடத்திலேயே முழுமையாக அமைதல் அரிது. ஆனால் ஓர் உயர்நிலைப் பள்ளியின் ஆசிரியர் அறையில் அவை பங்கிட்டுக் கிடக்கின்றன என்பது நான் கண்ட உண்மை.

கணித ஆசிரியரை எடுத்துக்கொள்வோம். அவருடைய உலகில் விடை சரி அல்லது தவறு. நாள்தோறும் அந்த உலகில் வாழ்பவர், மாணவர்களையும் அவ்வாறே இரண்டாகப் பிரித்துப் பார்க்கப் பழகிவிடுவார். நேர்மை, சுருக்கம், காலந்தவறாமை ஆகியவை அவரிடம் உண்டு. உறுதியில் அவர் மலை. ஆயினும் அந்த மலையில் ஏறுவதற்குப் படி வெட்டி வைக்க அவர் சில வேளைகளில் மறந்துவிடுகிறார். இதை நான் பிறரைப் பற்றிச் சொல்லவில்லை. என்னைப் பற்றியே சொல்கிறேன்.

தமிழாசிரியர் அவருக்கு எதிர்ப்புறம். மாணவனை முழுப் பெயர் சொல்லி அழைப்பவர் பெரும்பாலும் அவரே. குறிஞ்சி, முல்லை, மருதம், நெய்தல், பாலை என்று பாடம் நடத்தும்போது, நெய்தலை மட்டும் எங்கள் ஊர்ப் பிள்ளைகளிடமிருந்து அவர் கற்றுக்கொள்வார். வடக்கே இருந்து வருவது வாடை, கிழக்கே இருந்து வருவது கொண்டல், தெற்கே இருந்து வருவது சோழகம், மேற்கே இருந்து வீசுவது கச்சான் என்று கடலோரச் சிறுவன் தடையின்றிச் சொல்வான். புத்தகத்தில் படித்தவர் அதைக் கேட்டு மகிழ்வார். இத்தகையவரைப் பண்டிதர் என்று அழைத்து, ஊதியத்திலும் மதிப்பிலும் மற்ற ஆசிரியருக்கு ஒருபடி கீழே வைத்திருந்த காலம் ஒன்று இருந்தது. 1904-ஆம் ஆண்டில் மதுரைச் சேதுபதி உயர்நிலைப் பள்ளியில் சில மாதங்கள் தமிழாசிரியராக இருந்தவர் சுப்பிரமணிய பாரதியார். அன்று அவ்வகுப்பில் இருந்த மாணவர்கள் தங்கள் முன் நின்றவர் யார் என்பதை அறிந்திருப்பார்களா? நாற்காலியின் உயரத்தை வைத்து ஆசிரியரை அளக்கலாகாது என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டுமோ?

ஆங்கில ஆசிரியரின் நிலை தனி. எங்கள் பகுதியில் பல மாணவர்களின் செவியில் அம்மொழி விழுவது அவருடைய வகுப்பில் மட்டுமே. ஆதலால் அவர் பாதி ஆசிரியர், பாதி நடிகர். ஒரு சொல்லை விளக்கக் கையை ஆட்டுவார், கண்ணை உருட்டுவார், தேவையானால் அழுதும் காட்டுவார். பிழையைக் கண்டு சிரிக்கும் ஆங்கில ஆசிரியரின் வகுப்பில் எவனும் வாய் திறக்க மாட்டான். பிழையைப் பொறுப்பவரின் வகுப்பில் ஊமையும் பேசுவான். எல்லோரினும் அவருக்கே நிலத்தின் பொறுமை மிகுதியாக வேண்டும்.

அறிவியல் ஆசிரியருக்கு இந்தக் கடற்கரை கிடைத்தது பெரும்பேறு. மன்னார் வளைகுடாவின் தீவுகளும் அவற்றைச் சூழ்ந்த கடலும் 1986-இல் கடல்வாழ் உயிரினத் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டன. பவளப் பாறை, கடற்குதிரை, கடல் அட்டை முதலியவற்றைப் படத்தில் காட்டிப் பாடம் நடத்துவோர் பிற ஊர்களில் இருக்கலாம். இங்கே மாணவன் அவற்றை நேரில் பார்த்துவிட்டே வகுப்புக்கு வருகிறான். தெரிந்ததிலிருந்து தெரியாததற்குச் செல்க என்று ஆசிரியப் பயிற்சிக் கல்லூரியில் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். தெரிந்ததைக் காலடியில் வைத்துக்கொண்டே கரும்பலகையில் அதன் படத்தை வரைந்துகொண்டிருந்த ஆசிரியர்களையும் நான் கண்டிருக்கிறேன்.

வரலாறும் புவியியலும் கற்பிப்பவர் இயல்பாகவே கதை சொல்லி. 1914-இல் திறக்கப்பட்ட பாம்பன் பாலத்தையும், 1964 டிசம்பரில் தனுஷ்கோடியை அழித்த புயலையும் அவர் சொல்லும்போது மணி அடித்தாலும் வகுப்பு எழாது. அவர் எதையும் தனித்துப் பார்ப்பதில்லை. இது ஏன் இங்கே நடந்தது, இந்தக் காலத்தில் ஏன் நடந்தது என்று இடத்தையும் காலத்தையும் சேர்த்தே பார்க்கும் கண் அவருடையது. இந்தக் கண்ணைப் பற்றிப் பின்னர் மீண்டும் சொல்ல வேண்டியிருக்கும்.

இறுதியாக, தேர்வில் மதிப்பெண் இல்லாத பாடங்களின் ஆசிரியர்கள்: நீங்கள் டிராயிங் மாஸ்டர் என்றும் டிரில் மாஸ்டர் என்றும் அழைப்பவர்கள். மற்றவர்கள் உங்கள் விடைத்தாளைப் பார்க்கிறார்கள். இவர்கள் உங்கள் கையையும் காலையும் பார்க்கிறார்கள். காலையில் உண்ணாமல் வந்தவன் யார் என்பது அணிவகுப்பில் நிற்கும்போதே உடற்பயிற்சி ஆசிரியருக்குத் தெரிந்துவிடும். மலருக்குரிய இடம் பெரும்பாலும் இவர்களுடையதே. மாணவர்கள் அச்சமின்றி நெருங்குவது இவர்களை.

இவ்வியல்புகள் எல்லாம் சேர்ந்து ஒரு மாணவனை எப்படி உருவாக்கும் என்பதற்கு நம் கடற்கரையிலேயே உலகறிந்த சான்று இருக்கிறது. 1931 அக்டோபர் 15-ஆம் நாள் இராமேசுவரத்தில் பிறந்த ஆ. ப. ஜெ. அப்துல் கலாம் அவர்களைத்தான் குறிப்பிடுகிறேன். தம் வாழ்க்கை வரலாறான 'அக்கினிச் சிறகுக'ளிலும் பிற நூல்களிலும் அவர் தம் ஆசிரியர்களைப் பெயர் சொல்லி நினைவுகூர்ந்திருக்கிறார். குடியரசுத் தலைவரின் கதையாக அதை நீங்கள் படித்திருப்பீர்கள். நான் அதை ஆசிரியர்களின் கதையாகப் படிப்பவன்.

இராமேசுவரம் தொடக்கப் பள்ளியில் சிவசுப்பிரமணிய ஐயர் என்ற அறிவியல் ஆசிரியர் இருந்தார். பறவை எப்படிப் பறக்கிறது என்பதை ஒருநாள் ஐந்தாம் வகுப்பில் கரும்பலகையில் வரைந்து விளக்கினார். புரிந்ததா என்று கேட்டபோது, கலாம் புரியவில்லை என்றார். மற்றச் சிறுவர்களும் அவ்வாறே சொன்னார்கள். ஆசிரியர் சினங்கொள்ளவில்லை. அன்று மாலையே அவர்களைக் கடற்கரைக்கு அழைத்துச் சென்று, கடற்பறவைகள் சிறகடித்து எழுவதையும், வாலைத் திருப்பித் திசை மாற்றுவதையும் காட்டினார். வானில் பறத்தலைப் பற்றிய தம் வேட்கை அங்கே பிறந்தது என்று கலாம் பின்னாளில் கூறினார். இதில் நான் வியப்பது ஆசிரியரின் அறிவை மட்டுமன்று. புரியவில்லை என்று சொல்லும் துணிவு பத்து வயதுச் சிறுவனுக்கு வரும்படி அவர் வகுப்பை வைத்திருந்தாரே, அதையே பெரிதாக எண்ணுகிறேன்.

அவரே ஒருநாள் அச்சிறுவனைத் தம் இல்லத்துக்கு உணவுக்கு அழைத்தார். ஆசாரம் மிகுந்த அவருடைய மனைவியார் ஓர் இசுலாமியச் சிறுவனுக்குத் தம் சமையலறையில் உணவு படைக்க மறுத்தார். ஆசிரியர் மனைவியைக் கடிந்துகொள்ளவில்லை. தாமே பரிமாறி, சிறுவனின் அருகே அமர்ந்து தாமும் உண்டார். அடுத்த வாரமும் வரவேண்டும் என்று அழைத்தார். அடுத்த முறை அந்த அம்மையாரே அச்சிறுவனை உள்ளே அழைத்துச் சென்று தம் கையால் உணவளித்தார். உறுதியும் பொறுமையும், மலையும் நிலமும், ஒரே மனிதரிடத்தில் இருந்தமைக்கு இது சான்று.

அதே பள்ளியில் புதிதாக வந்த வேறோர் ஆசிரியரும் இருந்தார். கோயில் அர்ச்சகரின் மகனான இராமநாத சாஸ்திரிக்கு அருகே இசுலாமியச் சிறுவன் அமர்ந்திருப்பதைப் பொறாமல், கலாமைப் பின்வரிசைக்கு அனுப்பினார். நண்பர்கள் இருவரும் கலங்கி வீட்டில் சொன்னார்கள். அர்ச்சகர் இலட்சுமண சாஸ்திரிகள் ஆசிரியரை அழைத்து, குழந்தைகள் மனத்தில் இத்தகைய நஞ்சை விதைக்கலாகாது என்று கண்டித்தார். ஆசிரியர் தம் செயலுக்கு வருந்தி மனம் மாறினார். ஒரே சிறு பள்ளியில், ஒரே மாணவனுக்கு, ஒருவர் தம் வீட்டில் இடம் கொடுத்தார். மற்றொருவர் வகுப்பில் இருந்த இடத்தை எடுத்தார். இரண்டுமே ஆசிரியர் கையில் உள்ள ஆற்றல்கள்.

உயர்நிலைக் கல்விக்காகக் கலாம் இராமநாதபுரம் சுவார்ட்சு உயர்நிலைப் பள்ளிக்கு வந்தார். அப்பள்ளி தாங்கி நிற்கும் பெயரும் ஓர் ஆசிரியருடையதே. கிறித்தியான் பிரெடரிக் சுவார்ட்சு, 1750-இல் தரங்கம்பாடிக்கு வந்து தமிழ் கற்று, 1798-இல் தஞ்சையில் மறைந்த ஜெர்மானியப் பாதிரியார். தஞ்சை, இராமநாதபுரம், சிவகங்கை ஆகிய ஊர்களில் ஆங்கிலப் பள்ளிகள் தோன்ற உழைத்தவர். அவருடைய அரவணைப்பில் வளர்ந்த தஞ்சை மன்னர் இரண்டாம் சரபோசி, அவருக்குச் சலவைக்கல்லில் நினைவுச் சின்னம் எழுப்பினார்.

இப்பள்ளியில் கலாமுக்குக் கிடைத்தவர்கள் இயல்பில் மாறுபட்ட இருவர். ஒருவர் அய்யாத்துரை சாலமோன். வீட்டை நினைத்து ஏங்கிய தீவுச் சிறுவனுக்கு அவர் வழிகாட்டியாக இருந்தார். விருப்பம், நம்பிக்கை, எதிர்பார்ப்பு ஆகிய மூன்றையும் கைவசமாக்கிக்கொண்டவன் எண்ணியதை அடைவான் என்பது அவருடைய போதனை. படிப்பறிவில்லாத பெற்றோரின் மகனும் எந்த உயரத்தையும் நாடலாம் என்று நம்பவைத்தவர் அவர். அவர் மலர்.

மற்றவர் கணித ஆசிரியர் இராமகிருஷ்ண ஐயர். அவர் வேறொரு வகுப்பில் பாடம் நடத்திக்கொண்டிருந்தபோது கலாம் அறியாமல் உள்ளே நுழைந்துவிட்டார். ஆசிரியர் சிறுவனின் கழுத்தைப் பற்றி, எல்லோர் முன்னிலையிலும் பிரம்பால் அடித்தார். சில மாதங்கள் சென்றன. கலாம் கணிதத்தில் முழு மதிப்பெண் பெற்றார். காலை வழிபாட்டுக் கூட்டத்தில் அதே ஆசிரியர் எழுந்து, தாம் அடித்த நிகழ்ச்சியைப் பள்ளி முழுவதும் கேட்கச் சொல்லி, இந்தச் சிறுவன் இப்பள்ளிக்கும் ஆசிரியர்களுக்கும் பெருமை சேர்ப்பான் என்று அறிவித்தார்.

அந்தப் பிரம்படியை நான் நியாயப்படுத்தவில்லை. 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் குழந்தைகளை உடலாலும் மனத்தாலும் துன்புறுத்துவதைத் தடைசெய்திருக்கிறது; அது மிகவும் நன்று. நான் நோக்குவது அதன் பின் நடந்ததை. எங்கே ஒரு மாணவனைத் தாழ்த்தினாரோ, அதைவிடப் பெரிய அவையில் அவனை உயர்த்தினார் அந்த ஆசிரியர். தராசு தன்னையும் நிறுத்துப் பார்த்தது. இதைச் சொல்லும்போதெல்லாம் எனக்கு என் சொந்தக் கணக்கு ஒன்று நினைவுக்கு வருகிறது. அதை மறைத்தால் இந்தப் பேச்சுக்குப் பொருளில்லை.

நான் பணியில் சேர்ந்த தொடக்க ஆண்டுகளில், 1980-களில், கடலோரப் பள்ளி ஒன்றில் ஒன்பதாம் வகுப்புக்கு வகுப்பாசிரியனாக இருந்தேன். காலையில் முதல் பாடவேளை என் கணிதம். நாட்டுப்படகு மீனவர் ஒருவரின் மகன், வாரத்தில் மூன்று நாள் என் பாடவேளைக்கு வருவதில்லை, பிற்பகலில் வந்துவிடுவான். காரணம் கேட்டால் தலை குனிந்து நிற்பான். மாத முடிவில் வராத வேளைகளைக் கூட்டினேன். தொகை பெரிதாக இருந்தது. வகுப்பின் முன்னே நிறுத்திக் கையை நீட்டச் சொன்னேன். நீட்டிய உள்ளங்கையில் கயிறு அறுத்த தழும்புகள் இருந்தன. அவற்றைக் கண்டேன், ஆயினும் அவை என்னவென்று எண்ணவில்லை. அடித்தேன். அவன் ஒன்றும் சொல்லவில்லை.

அன்று பிற்பகல் ஆசிரியர் அறையில் பதிவேட்டை மேசைமேல் போட்டு அவனைக் குறை கூறினேன். அருகிலிருந்த புவியியல் ஆசிரியர் அதை எடுத்துப் பார்த்தார். சிறிது நேரம் கழித்து, "நீங்கள் கூட்டுத்தொகையைப் பார்க்கிறீர்கள் சார், கிழமையைப் பாருங்கள்" என்றார்.

பார்த்தேன். செவ்வாய், வியாழன், வெள்ளி; மறுவாரமும் செவ்வாய், வியாழன், வெள்ளி. எங்கள் கடலில் விசைப்படகினருக்கும் நாட்டுப்படகினருக்கும் 1970-களில் ஏற்பட்ட மோதல்களுக்குப் பின் ஓர் ஏற்பாடு செய்யப்பட்டிருந்தது. திங்கள், புதன், சனி ஆகிய மூன்று நாள்கள் விசைப்படகுகளுக்கு. எஞ்சிய நான்கு நாள்கள் நாட்டுப்படகுகளுக்கு. தந்தை நோயுற்றுப் படுத்துவிட்டதால், நாட்டுப்படகுக்கு உரிய நாள்களில் சிறுவன் தன் சிற்றப்பாவோடு கடலுக்குப் போய், கரை திரும்பி, குளித்துவிட்டுப் பள்ளிக்கு ஓடி வந்திருக்கிறான். எண்களின் ஒழுங்கைக் கண்டுபிடிக்கச் சொல்லிக்கொடுக்கும் கணித ஆசிரியனுக்கு, தன் பதிவேட்டிலேயே இருந்த ஒழுங்கு தென்படவில்லை.

பிறகு ஒவ்வொருவராகப் பேசினார்கள். கையில் புண் என்று அவன் கம்பியைப் பிடிக்க மறுத்ததை உடற்பயிற்சி ஆசிரியர் சொன்னார். படகின் பாய் எந்தக் காற்றுக்கு எப்படிச் சாயும் என்பதை அவன் பிழையின்றி வரைந்ததை ஓவிய ஆசிரியர் சொன்னார். காற்றின் பெயர்களை வகுப்புக்கு விளக்கியவன் அவனே என்றார் தமிழாசிரியர். ஆளுக்கு ஒரு துண்டாக அந்தச் சிறுவனின் முழு வாழ்க்கையும் அந்த அறையில் இருந்தது. ஒரே அறையில் அமர்ந்து தேநீர் அருந்திய நாங்கள் அத்துண்டுகளை அதுவரை சேர்த்துப் பார்த்ததில்லை.

மறுநாள் அவனைத் தனியே அழைத்து, "தம்பி, தவறு என்னுடையது" என்றேன். "பரவாயில்லை சார்" என்றான். போகும்போது வாசலில் நின்று, "வகுப்பிலும் சொல்லுவீங்களா சார்?" என்று கேட்டான். பார்க்கலாம் என்று சொல்லி அனுப்பினேன். இன்று சொல்லலாம், நாளை சொல்லலாம் என்று இருந்தேன். ஆசிரியனுடைய மதிப்பு குறைந்துவிடும் என்ற அச்சம் என்னைத் தடுத்தது. ஆண்டு முடிந்தது. அடுத்த சூனில் பள்ளி திறந்தபோது அவன் வரவில்லை. அவன் படிப்பு நின்றதற்கு வறுமையே காரணம். என்றாலும், பள்ளியில் தனக்கு மதிப்பு உண்டு என்ற எண்ணம் அவனுக்கு இருந்திருந்தால் ஒருவேளை அவன் நின்றிருக்க மாட்டான். அடித்தது வகுப்பின் முன்னே. வருந்தியது தனி அறையில். அந்தத் தராசு இன்னும் நேராகவில்லை.

நான் தலைமையாசிரியனான பின் ஒரு வழக்கத்தை ஏற்படுத்தினேன். மாதம் ஒருமுறை, ஒரு வகுப்புக்குக் கற்பிக்கும் ஆசிரியர்கள் அனைவரும் ஒன்றாக அமர்வோம். மதிப்பெண்ணைத் தவிர ஒவ்வொரு மாணவனைப் பற்றியும் தாம் கண்ட ஒன்றை ஒவ்வொருவரும் சொல்ல வேண்டும். டிராயிங் மாஸ்டரும் டிரில் மாஸ்டரும் முதலில் பேசுவார்கள். கணித ஆசிரியர் கடைசியில் பேசுவார். பெரிய சீர்திருத்தம் ஒன்றுமில்லை. ஆயினும் அதனால் சில பிள்ளைகளின் பெயர்கள் பதிவேட்டிலிருந்து அழியாமல் காக்கப்பட்டன.

மாணவ நண்பர்களே, உங்களில் பலர் நாளை ஆசிரியராவீர்கள். எந்தப் பாடத்தைக் கற்பித்தாலும் அந்தப் பாடம் உங்களுக்கு ஒரு கண்ணைக் கொடுக்கும். மற்றொரு கண்ணை மூடவும் பார்க்கும். மூடிய கண்ணுக்கு உடன்பணியாற்றுவோரின் கண்ணைக் கடன் வாங்குங்கள். இன்று மாணவராக இருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். கடுமையானவர் என்று ஒருவரையும், இனியவர் என்று ஒருவரையும் பிரித்து வைத்துவிடாதீர்கள். ஒவ்வொருவரிடமும் உங்களுக்கென ஒரு பங்கு இருக்கிறது. புரியாததைப் புரியவில்லை என்று சொல்லுங்கள். வீட்டில் துன்பம் உண்டானால் ஆசிரியர்களுள் ஒருவரிடமாவது சொல்லுங்கள். கணித ஆசிரியரிடம் சொல்ல அஞ்சினால் ஓவிய ஆசிரியரிடம் சொல்லுங்கள்.

குடியரசுத் தலைவர் பதவியிலிருந்து 2007-இல் விலகிய பின் கலாம் மீண்டும் கற்பிக்கவே சென்றார். 2015 சூலை 27-ஆம் நாள் சில்லாங்கில் மாணவர்கள் முன் உரையாற்றிக்கொண்டிருந்தபோதே அவர் உயிர் பிரிந்தது. இராமேசுவரத்துக் கடற்கரையில் பறவையைக் காட்டிய ஓர் ஆசிரியரின் பாடம் அந்த மேடைவரை நீண்டிருந்தது. என் வகுப்பிலிருந்த அந்தச் சிறுவனின் பாடம் எதுவரை நீண்டிருக்கும் என்பது எவருக்கும் தெரியாது. அவனுக்கு நான் வகுப்பில் சொல்ல வேண்டியிருந்ததை இன்று வானொலியில் சொல்லிவிட்டேன். எங்கேனும் ஒரு படகில், ஒரு சிறு வானொலிப் பெட்டியில், அவன் இதைக் கேட்டிருந்தால் மகிழ்வேன்.